பைக் பயணத்துக்கும் குளிருக்கும் எந்த முகமூடி? பாலக்ளாவா, குரங்குக் குல்லா, பஃப்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டிசம்பர் வந்துவிட்டால் ஊட்டி, கொடைக்கானல், மூணாறு என்று பைக்குகள் கிளம்பிவிடும். ஜூன் மாதம் லடாக். இரண்டு சமயத்திலும் திரும்பத் திரும்ப வருகிற கேள்வி, முகத்துக்கும் கழுத்துக்கும் எதை மாட்டுவது என்பதுதான். ஜாக்கெட்டுக்கும் கையுறைக்கும் யோசித்து யோசித்துச் செலவு செய்பவர்கள்கூட இதை மட்டும் மலையடிவாரத்துத் தெருவோரக் கடையில் கடைசி நிமிடத்தில் வாங்குகிறார்கள். வாங்கியது பாதி வழியில் கழற்றப்பட்டு பைக்குள் போய்விடும். ஒன்று மூச்சு முட்டியிருக்கும், இல்லையென்றால் ஹெல்மெட்டின் முன்பக்கக் கண்ணாடியான வைசர் முழுக்க ஆவி படிந்து ரோடே தெரியாமல் போயிருக்கும். அதனால் தேர்ந்தெடுப்பது பற்றிக் கொஞ்சம் விவரமாகவே.

நின்றால் குளிரவில்லை, பைக்கை எடுத்தால் நடுங்குகிறது. ஏன்?

நம் உடம்பு தன்னைச் சுற்றி ஒரு மெல்லிய காற்றுப் படலத்தைச் சூடாக்கி வைத்திருக்கும். வண்டி ஓடும்போது எதிர்க்காற்று அதை உடனுக்குடன் துடைத்துக்கொண்டு போய்விடுகிறது. உடம்பு மறுபடி சூடாக்கும், காற்று மறுபடி பறிக்கும்.

இதற்குக் கனடாவும் அமெரிக்காவும் 2001 முதல் பயன்படுத்தும் ஒரு கணக்கு உண்டு. அதன்படி 10 டிகிரி குளிரில் 60 கி.மீ. வேகத்தில் போனால் மூடாத முகத்துக்கு அது 5 டிகிரி போலத் தோன்றும். 5 டிகிரியில் அதே வேகம் என்றால் மைனஸ் 2. பூஜ்யத்தில் என்றால் மைனஸ் 9.

இந்த எண்களைப் பார்த்துப் பயந்துவிட வேண்டாம். காற்று எவ்வளவு வேகமாக அடித்தாலும் தோலின் வெப்பம் வெளியில் உள்ள நிஜ வெப்பநிலைக்குக் கீழே போகாது. 5 டிகிரியில் எத்தனை வேகமாக ஓட்டினாலும் மூக்கு உறைந்துபோகாது. மரத்துப்போகும், எரியும், உதடு வெடிக்கும், அவ்வளவுதான். ஆனால் காற்றைத் தடுத்துவிட்டால் பாதிக் குளிர் போய்விடும் என்பது இந்தக் கணக்கிலிருந்தே தெரிகிறது. தடிமனான துணி தேடுவதற்கு முன்னால் காற்று புகாத துணி தேட வேண்டும்.

நம் ஊர் மலைகளில் அவ்வளவு குளிரா?

மேலே ஏற ஏற 1,000 மீட்டருக்குச் சுமார் 6.5 டிகிரி குறையும். மேட்டுப்பாளையம் கடல்மட்டத்திலிருந்து 300 மீட்டர் சொச்சம், ஊட்டி 2,240 மீட்டர். இரண்டுக்கும் ஏறத்தாழ 12 டிகிரி வித்தியாசம். விடிகாலையில் கீழே 18 டிகிரியில் டீ குடித்துவிட்டுக் கிளம்புகிறவர், மேலே 6 டிகிரிக்குள் நுழைகிறார். அதுவும் ஒன்றிரண்டு மணி நேரத்தில்.

டிசம்பர், ஜனவரியில் மேகமில்லாத இரவாக இருந்தால் ஊட்டியில் காந்தல், தலைக்குந்தா, அவலாஞ்சி பக்கங்களில் பூஜ்யத்தை ஒட்டி வந்து உறைபனி விழும். குளிர்ந்த காற்று கனமானது; தண்ணீர் மாதிரிப் பள்ளத்தில் இறங்கித் தேங்கும். அதனால் மேட்டில் போகும்போது தாங்குகிற குளிர், ரோடு ஒரு பள்ளத்தாக்கில் இறங்கியதும் முகத்தில் அறையும். மறுபடி ஏறினால் கொஞ்சம் விடும். ரோட்டோரப் புல் வெள்ளையாகத் தெரிகிற இடங்கள் இப்படிப்பட்ட பள்ளங்கள்தான்.

மூணாறு, கொடைக்கானல் கிட்டத்தட்ட இதே கதை. இலங்கையில் நுவரெலியாவும் (1,868 மீட்டர்) அப்படித்தான், ஜனவரி, பிப்ரவரியில் அங்கும் சில இரவுகள் உறைபனி உண்டு. ஏற்காட்டுக்கும் கொல்லிமலைக்கும் ஒரு மெல்லிய பாலக்ளாவாவே (தலை, காது, கழுத்தை மூடும் துணி உறை) அதிகம். ஓசூர் வழியாக விடிகாலையில் பெங்களூரு போகிறவர்கள் மலையேறாமலே நடுங்குவார்கள். அங்கே குளிரைவிட நெடுஞ்சாலை வேகம்தான் காரணம்.

வீட்டில் குரங்குக் குல்லா இருக்கிறது. அது போதாதா?

மார்கழியில் விடியற்காலை கோயிலுக்கு நடக்கவும் வாக்கிங் போகவும் அதைவிட நல்ல சாமான் கிடையாது. பைக்குக்குத்தான் சரிவராது. காரணங்கள் சின்னச் சின்னவை. உச்சியில் ஒரு குஞ்சம் இருக்கும். ஹெல்மெட் போட்டால் அது உச்சந்தலையில் ஒரு கல் போல அழுத்தும். நெற்றியில் இரட்டை மடிப்பாகப் பின்னியிருப்பார்கள். அரை மணி நேரத்தில் அங்கே ஒரு சிவப்புக் கோடு விழுந்து தலைவலி ஆரம்பிக்கும். பின்னல் ஓட்டைகள் பெரியவை, அதனால் நடக்கும் வேகத்தில் கதகதப்பாக இருந்தது 50 கி.மீ. வேகத்தில் சல்லடையாகிவிடும். போதாததற்கு இப்போது விற்கும் பெரும்பாலான குல்லாக்கள் கம்பளி இல்லை, அக்ரிலிக் நூல். வாய்ப் பக்கம் மூச்சு பட்டு நனைந்தால் சில்லென்று ஒட்டிக்கொள்ளும்.

தங்குமிடம் போய்ச் சேர்ந்த பிறகு மாட்டிக்கொள்ளப் பையில் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள், தப்பில்லை.

என்னென்ன வகை கிடைக்கிறது?

முகம் முழுக்கத் திறந்து, தலை, காது, கழுத்தை மட்டும் மூடுவது ஒரு வகை. ஃபுல் ஃபேஸ் ஹெல்மெட் போடுகிறவர்களுக்கு நம் மலைகளில் இதுவே போதும், ஏனென்றால் முகத்துக்கு வைசர் இருக்கிறது.

கண் மட்டும் தெரிகிற ஒற்றைப் பிளவு வகையைத்தான் கடைகளில் அதிகம் பார்க்கலாம். கண்ணுக்கு இரண்டு, வாய்க்கு ஒன்று என மூன்று ஓட்டை வைத்ததும் உண்டு. பைக்குக்கு அதில் எந்த லாபமும் இல்லை, தலையைத் திருப்பினால் ஓட்டை நகர்ந்து ஒரு கண்ணை மறைத்துவிடும். மூக்கு, வாய்ப் பகுதியை மட்டும் கீழே இழுத்துத் தாடைக்கு அடியில் விட்டுக்கொள்ளக்கூடிய வகை ஒன்று இருக்கிறது. தேவைக்கு மூடலாம், தேவைக்குத் திறக்கலாம். ஒன்றே ஒன்றுதான் வாங்குவேன் என்பவருக்கு நான் சொல்வது இதைத்தான். டீக்கடையில் நிறுத்தினால் ஹெல்மெட்டைக் கழற்றி, மூக்குப் பகுதியை இறக்கிவிட்டு, குடித்துவிட்டுக் கிளம்பலாம்.

அப்புறம் பஃப். இரு பக்கமும் திறந்த ஒரு துணிக்குழாய். கழுத்தில் போட்டு மூக்கு வரை ஏற்றலாம். மலிவு, சட்டைப் பையில் அடங்கும். ஓடும்போது மெல்ல மெல்ல மூக்கிலிருந்து நழுவி இறங்குவதுதான் அதன் குறை. வெல்க்ரோ வைத்துப் பின்னால் ஒட்டுகிற பாதி முக மாஸ்க்கும் இருக்கிறது. அதற்குத் தனியாக வருகிறேன்.

எந்தத் துணி நல்லது?

பருத்தி வேண்டாம். நம் வெயிலுக்கு அதுதான் ராஜா, வியர்வையை உறிஞ்சும். ஆனால் உறிஞ்சியதை விடாது. அடிவாரத்தில் வியர்த்து நனைந்த பருத்தித் துணி, மேலே போனதும் ஈரப் பட்டி போட்ட மாதிரி வேலை செய்யும். காய்ச்சலுக்கு நெற்றியில் ஈரத் துணி போடுவது எதற்கோ, அதே விளைவு.

லைக்ரா (ரப்பர் போல இழுபடும் நூல்) கலந்த பாலியெஸ்டர்தான் பெரும்பாலானவர்களுக்குச் சரி. நூல் தண்ணீரைக் கிட்டத்தட்டக் குடிக்கவே குடிக்காது, ஈரம் துணியின் மேல்பரப்புக்குப் பரவிச் சீக்கிரம் காய்ந்துவிடும். திருப்பூரில் விளையாட்டு உடைகளுக்கு நெய்கிற அதே ரகம்தான், விலையும் சில நூறு ரூபாய்க்குள் அடங்கும். நாற்றம் பிடிப்பது மட்டும் குறை.

மெரினோ ஆட்டுக் கம்பளி இழை மிக மெல்லியது, அதனால் சாதாரணக் கம்பளி மாதிரி முகத்தில் குத்தாது. தன் எடையில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை வாங்கிக்கொண்டும் நனைந்த உணர்வைத் தராது. நாற்றமும் எளிதில் பிடிக்காது. லடாக் போல ஒரு வாரம், பத்து நாள் துவைக்க வழியில்லாத பயணத்துக்கு இதன் அருமை தெரியும். விலை ஆயிரத்தைத் தாண்டும். வார இறுதியில் ஊட்டி போய் வர இது தேவையா என்றால், எனக்குத் தேவையாகத் தெரியவில்லை.

ஃப்ளீஸ் என்கிற பஞ்சுபோன்ற செயற்கைத் துணி தொட்டால் மெத்தென்று இருக்கும், நின்றால் நல்ல கதகதப்பு. ஆனால் காற்று அதற்குள் தாராளமாகப் புகுந்து போகும். ஃப்ளீஸ் வாங்குவதென்றால் முன்பக்கம், கழுத்து, மார்புப் பகுதிக்குக் காற்றுத் தடுப்புப் படலம் வைத்துத் தைத்ததாகப் பாருங்கள். பட்டு பாலக்ளாவாவும் கிடைக்கிறது. மெல்லியது, வழவழப்பானது, ஹெல்மெட் சுலபமாக நுழையும், முடி சிக்காது. பராமரிக்கப் பொறுமை வேண்டும்.

தடிமனாக வாங்கினால் ஹெல்மெட் இறுக்குகிறது. ஒரு சைஸ் பெரிய ஹெல்மெட் வாங்கலாமா?

கூடவே கூடாது. விழுந்தால் தலையைக் காப்பாற்றுவது ஓட்டுக்கு உள்ளே இருக்கும் தெர்மாகோல் அடுக்கு. அது தலையோடு ஒட்டி உட்கார்ந்தால்தான் அதன் வேலையைச் செய்யும். குல்லாவுக்காகப் பெரிய ஹெல்மெட் வாங்கிவிட்டு, அந்தக் குல்லா இல்லாமல் வருஷம் முழுக்க ஓட்டுகிறவர் தளர்ந்த ஹெல்மெட்டில்தான் ஓட்டுகிறார். ஹெல்மெட்டுக்குள் போவது பனியன் துணி அளவுக்கு மெல்லியதாக, தையல் தட்டையாக இருக்க வேண்டும். கூடுதல் கதகதப்பு வேண்டுமென்றால் அதைக் கழுத்தில் சேருங்கள், மண்டையில் வேண்டாம்.

மாட்டும் முறையும் உண்டு. பாலக்ளாவாவைப் போட்டு, கண்பிளவின் மேல்விளிம்பு புருவத்துக்கு மேலே இருக்கும்படி சரிசெய்துவிட்டு, கழுத்துத் துணியை ஒரு கையால் கீழே இழுத்துப் பிடித்துக்கொண்டு ஹெல்மெட்டை இறக்குங்கள். பிடிக்காமல் இறக்கினால் கன்னப் பஞ்சு துணியை மேலே சுருட்டிக்கொண்டு போய் மூக்கடியில் ஒரு கட்டியாக நிறுத்தும். பிறகு தாடை வார். வாருக்கு அடியில் துணி மடிந்து கிடந்தால் இறுக்கியதாகத் தோன்றும், உண்மையில் தளர்ந்திருக்கும். துணியை நீவிவிட்டு மறுபடி இறுக்குங்கள்.

மூக்கை மூடினால் வைசரில் ஆவி படிகிறது. என்ன செய்வது?

குளிரில் பைக் ஓட்டுவதில் நிஜமான ஆபத்து இதுதான். குளிர் உங்களை வருத்தும், ஆவி படிந்த வைசர் உங்களை எதிரே வரும் பஸ்ஸில் கொண்டுபோய் விடும். நாம் விடும் மூச்சு வெதுவெதுப்பாக, ஈரம் நிறைந்து வருகிறது. வைசர் வெளிக்காற்றின் குளிரில் இருக்கிறது. ஈரக்காற்று குளிர்ந்த பரப்பைத் தொட்டதும் துளித்துளியாகப் படிகிறது. கொண்டை ஊசி வளைவுகளில் வேகம் குறையும்போதும், லாரிக்குப் பின்னால் உருண்டுகொண்டு போகும்போதும் ஹெல்மெட்டுக்குள் காற்றோட்டம் நின்றுவிடுவதால் அப்போதுதான் அதிகமாகப் படியும். பார்வை மிகவும் தேவைப்படுகிற இடமும் அதுதான்.

மாஸ்க் விஷயத்தில் கவனிக்க வேண்டியது, மூச்சு எந்தப் பக்கம் போகிறது என்பது. மூக்குத் தண்டின் மேல் துணி சரியாக ஒட்டாமல் இடைவெளி இருந்தால், விடுகிற மூச்சு முழுவதும் அந்த இடைவெளி வழியாக நேராக மேலே கண்ணுக்கும் வைசருக்கும் போகும். மாஸ்க்கே போடாமல் இருப்பதைவிட இது மோசம். எனவே மூக்குப் பகுதி வடிவமாகத் தைத்து, வாய்க்கு நேரே வலைத்துணியோ சிறு துளைகளோ வைத்த மாஸ்க்காகத் தேடுங்கள். மூச்சு முன்னாலும் கீழேயும் வெளியேறும். ஹெல்மெட்டின் மூக்குப் பகுதியில் ரப்பர் தடுப்பு இருந்தால் கழற்றி எறிந்துவிடாதீர்கள், மூச்சைக் கீழே திருப்பத்தான் அது.

வைசருக்குச் சிறந்த தீர்வு பின்லாக். வைசரின் உட்பக்கம் பொருத்தும் இரண்டாவது கண்ணாடி இது. இரண்டுக்கும் நடுவே அடைபட்ட காற்று, உள் கண்ணாடியைக் குளிராமல் வைத்திருக்கும். உங்கள் வைசரில் அதற்கான ஊசிகள் இருக்க வேண்டும் என்பதை முதலில் பாருங்கள். இல்லாதவர்கள் பாத்திரம் துலக்கும் திரவத்தில் ஒரு சொட்டை உட்பக்கம் தடவி, மெல்லிய துணியால் பளபளப்பாகும் வரை துடைத்து வைக்கலாம். சில மணி நேரம் தாங்கும். பெட்ரோல், தின்னர் எதையும் வைசரில் வைக்காதீர்கள், பாலிகார்பனேட் கெட்டுவிடும். எதுவும் இல்லையா, வைசரைச் சிறு இடைவெளி அளவுக்குத் திறந்து ஓட்டுங்கள். மூக்கு கொஞ்சம் குளிரட்டும்.

நான் மூக்குக்கண்ணாடி போடுபவன். எனக்கு எது?

முகம் திறந்த வகை. கண்டிப்பாக மூக்கை மூடித்தான் ஆக வேண்டும் என்றால், மூக்குத் தண்டில் வளைக்கக்கூடிய மெல்லிய கம்பி வைத்தது. வரிசை முக்கியம்: பாலக்ளாவா, ஹெல்மெட், கடைசியில் கண்ணாடி. கண்ணாடியின் காம்பு துணிக்கு வெளியே இருக்கட்டும். துணிக்கு அடியில் போனால் காதுக்கு மேல் அழுத்தி வலிக்கும். வைசருக்குச் சொன்ன திரவ வைத்தியம் சாதாரணக் கண்ணாடிக்கும் பலிக்கும். பூச்சு உள்ள லென்ஸாக இருந்தால் அதற்கென்று விற்கும் ஸ்பிரேயே நல்லது.

முகத்தைவிடக் கழுத்துதான் அதிகம் குளிர்கிறது. சரியா?

சரி. ஹெல்மெட்டின் அடிப்பகுதிக்கும் ஜாக்கெட் காலருக்கும் நடுவே இருக்கும் அந்த நாலு விரல் இடைவெளி வழியாகத்தான் காற்று மார்புக்குள் இறங்கும். அதனால் வாங்கும்போது கழுத்துப் பகுதியின் நீளத்தைப் பாருங்கள். ஜாக்கெட்டின் ஜிப்புக்குள் உள்ளங்கை அளவாவது இறங்க வேண்டும். முன்பக்கம் மார்பு வரை நாக்கு மாதிரி நீண்டிருந்தால் இன்னும் நல்லது. குட்டையானது தலையைத் திருப்பும்போதெல்லாம் காலரிலிருந்து உருவிக்கொள்ளும்.

மஃப்ளரைச் சுற்றிக்கொள்வது எனக்குப் பிடிக்காத பழக்கம். முனை அவிழ்ந்து பறந்து பின்சக்கரத்திலோ செயினிலோ சிக்கினால் கழுத்து என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. பின்சீட்டில் துப்பட்டாவோடு உட்காருகிறவர்களுக்கும் இதே எச்சரிக்கை. வழியில் திடீரென்று குளிர் கூடி, கையில் ஒன்றும் இல்லையென்றால் பழைய லாரி டிரைவர் வைத்தியம் ஒன்று இருக்கிறது: தினசரித் தாளை நாலாக மடித்து ஜாக்கெட்டுக்குள் மார்பில் செருகுவது. காற்றை அருமையாகத் தடுக்கும்.

ரப்பர் மாதிரி இருக்கும் பாதி முக மாஸ்க் வாங்கலாமா?

அது நியோப்ரீன். காற்று ஒரு துளி புகாது. ஓப்பன் ஃபேஸ் ஹெல்மெட்டோடு பனிப் பிரதேசத்தில் போகிறவருக்குப் பயன்படும். அதே காரணத்தால் வியர்வையும் வெளியே போகாது, பத்தே நிமிடத்தில் உள்ளே நீர் கோத்துவிடும். நம் மலைகளுக்கு அதிகப்படி. மண்டை ஓடு, புலிப்பல் படம் போட்டு வருவதால் கல்லூரிப் பையன்கள் வாங்குகிறார்கள். வாங்கட்டும்.

மூடுபனியில் மாஸ்க் நனைந்துவிட்டால்?

கழற்றிவிடுங்கள். நனைந்த துணி வெறும் முகத்தைவிட அதிகம் குளிரும், மூச்சும் இழுக்க வராது. குன்னூர்ப் பாதையிலும் வால்பாறைப் பாதையிலும் மழை இல்லாமலே பனித்துளிகள் துணியில் ஊறிவிடும். ஆகவே இரண்டு மெல்லியது வாங்குவது ஒரு தடித்ததைவிட மேல். ஒன்று முகத்தில், இன்னொன்று ஒரு ஜிப் கவரில். மேட்டுப்பாளையத்திலேயே மாட்டிக்கொண்டு வியர்க்க வேண்டாம்; பர்லியார் தாண்டி, குளிர ஆரம்பித்த பிறகு நிறுத்திப் போடுங்கள்.

லடாக் போகிறோம். அங்கே என்ன மாறும்?

முதலில், கோடையில் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். குளிர்காலத்தில் மணாலி–லே சாலை பனியால் மூடிக்கிடக்கும். லே நகரம் சுமார் 3,500 மீட்டர், பகலில் டி-ஷர்ட் போதும். அன்றே கர்துங் லா கணவாய் ஏறினால் 5,359 மீட்டர். காலை நேரத்தில் பூஜ்யத்தைத் தொட்டு நிற்கும், பனிச்சாரலும் வரும். ஒரே நாளில் இரண்டு பருவம். ஒரு கனமான மாஸ்க்கை வைத்துச் சமாளிக்க முடியாது. மெல்லிய மெரினோவோ பாலியெஸ்டரோ தலைக்கு, அதன் மேல் காற்றுத் தடுப்புக் கழுத்துக் குழாய் ஒன்று. ஏற ஏறச் சேர்க்கலாம், இறங்க இறங்க உருவலாம்.

அங்கே முகத்தை மூடுவதற்கு வெயிலும் ஒரு காரணம். ஒவ்வொரு 1,000 மீட்டருக்கும் புற ஊதாக் கதிர் சுமார் 10 சதவீதம் கூடும். புதுப்பனி விழுந்த தரை அதில் 80 சதவீதம் வரை திருப்பி அடிக்கும். குளிரில் சுடுவது தெரியாது. மாலையில் அறைக்கு வந்து பார்த்தால் மூக்கும் கன்ன மேடும் வெந்து தோல் உரியும்; மூடியிருந்தால் கண்பிளவு இருந்த இடம் மட்டும் ஒரு பட்டையாகக் கறுத்திருக்கும். திறந்திருக்கும் இடத்தில் சன்ஸ்கிரீன் போட்டுக்கொள்ளுங்கள். மூக்குத் துவாரத்துக்குக் கீழேயும் கொஞ்சம். பனியிலிருந்து வெளிச்சம் கீழிருந்து மேலே வரும்.

இன்னொன்று, கர்துங் லாவில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறத்தாழ பாதி. சாதாரணமாகவே மூச்சு வாங்கும் இடத்தில் இறுக்கமான, ஈரமான மாஸ்க் போட்டால் பதற்றம் வந்துவிடும். கணவாய் நெருங்கும்போது மூக்குப் பகுதியை இறக்கிவிடுங்கள். தலைவலி, வாந்தி, தள்ளாட்டம் வந்தால் மாஸ்க்கைக் குறை சொல்லாமல் உடனே கீழே இறங்குங்கள், அது உயர நோய்.

காதில் பஞ்சு வைத்துக்கொள்ளச் சொல்கிறார் பாட்டி. குளிர்காற்று அடித்தால் முகவாதம் வருமா?

முகம் ஒரு பக்கம் கோணிக்கொள்ளும் அந்த நோய் பெரும்பாலும் முக நரம்பு வீங்குவதால் வருவது. வைரஸ் தொற்றோடு அதைத் தொடர்புபடுத்துகிறார்கள். குளிர்காற்றுதான் காரணம் என்று நிறுவப்படவில்லை. அப்படித் திடீரென்று முகம் கோணினால், பக்கவாதமாகவும் இருக்கலாம் என்பதால், நேராக மருத்துவமனைக்குப் போக வேண்டும். ஆனால் பாட்டி சொன்னதில் காதை மூடு என்ற பகுதி நல்ல யோசனை. காது மடலில் கொழுப்பு இல்லை, சீக்கிரம் வலிக்கும். பாலக்ளாவா அந்த வேலையைச் செய்துவிடும், பஞ்சு தேவையில்லை. பஞ்சு வைத்தால் ஹார்ன் கேட்பதும் குறையும்.

ஆஸ்துமா உள்ளவர்களுக்கு மாஸ்க் உண்மையாகவே உதவும். குளிர்ந்த, வறண்ட காற்று மூச்சுக்குழாயைச் சுருக்கும். மூக்கையும் வாயையும் தளர்வாக மூடிய துணி உள்ளே போகும் காற்றைக் கொஞ்சம் சூடாக்கி ஈரமாக்கும். இன்ஹேலரை பைக்கின் பக்கவாட்டுப் பெட்டிக்குள் போட்டுப் பூட்டாதீர்கள், ஜாக்கெட் உள்பையில் இருக்கட்டும்.

பாலக்ளாவா தூசி, புகையைத் தடுக்குமா?

பூச்சியையும் மணலையும் தடுக்கும். புகையில் இருக்கும் நுண்துகளை எந்தப் பனியன் துணியும் தடுக்காது. டில்லிக் குளிர்காலத்துப் புகைமூட்டத்தில் ஓட்ட வேண்டியிருந்தால் உள்ளே ஒரு என்95 மாஸ்க், மேலே மெல்லிய பாலக்ளாவா. தாடி வைத்திருந்தால் என்95 ஓரங்களில் ஒட்டாது, பாதிப் பயன்தான்.

நீண்ட முடி, பின்னல் உள்ளவர்கள்?

கொண்டை ஹெல்மெட்டுக்குள் அடங்காது, முயற்சியும் வேண்டாம். கழுத்தருகே தாழ்வாகத் தளர்பின்னல் போட்டு, பாலக்ளாவாவுக்குள்ளேயே ஜாக்கெட் முதுகுக்குள் இறக்கிவிடுங்கள். வெளியே பறந்தால் சிக்கெடுக்க ஒரு மணி நேரம் ஆகும். எண்ணெய் வைத்த தலையோடு போடாதீர்கள். துணியில் ஏறிய தேங்காய் எண்ணெய் சிக்கு வாடை பிடிக்கும். ஊட்டிக் குளிரில் அது உறைந்து வெள்ளை வெள்ளையாகவும் தெரியும்.

குழந்தையை அழைத்துப் போகிறோம். அதற்கும் வாங்கலாமா?

காதையும் கழுத்தையும் மூடும், முகம் திறந்த வகை மட்டும். இரண்டு வயதுக்குக் கீழே மூக்கு, வாயை மூடவே கூடாது. கயிறு, நாடா தொங்குவது வேண்டாம். 9 மாதம் முதல் 4 வயது வரை உள்ள குழந்தைக்கு அளவான ஹெல்மெட்டும், ஓட்டுபவரோடு பிணைக்கும் பட்டையும், 40 கி.மீ.க்கு மேற்படாத வேகமும் 2023 பிப்ரவரியிலிருந்து சட்டப்படி கட்டாயம். பெட்ரோல் டேங்க்கின் மேல் முன்னால் உட்கார வைத்தால் எதிர்க்காற்று முழுவதும் அந்தப் பிஞ்சு முகத்தில்தான் அடிக்கும். மலைக்குளிரில் கைக்குழந்தையோடு போகிறவர்கள் பஸ்ஸிலோ காரிலோ போவதே நல்லது என்பது என் கருத்து.

கடையில் எப்படிப் பார்த்து வாங்குவது?

உங்கள் ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு போங்கள். துணியை வாயில் வைத்து ஊதுங்கள். கழுத்துப் பகுதியில் மூச்சு மறுபக்கம் வரக் கூடாது, வாய்ப் பகுதியில் வர வேண்டும். இரண்டு பக்கமும் இழுத்துவிட்டுப் பாருங்கள், சுருங்காமல் தொளதொளவென்று நின்றால் ஒரே மாதத்தில் கண்பிளவு தொங்கிவிடும். தையல் நெற்றிக்கு நடுவிலும் உச்சியிலும் ஓடினால் வேண்டாம். பிறகு ஹெல்மெட்டோடு போட்டுக்கொண்டு, கண்ணாடியில் பின்னால் பார்ப்பது போல இரண்டு தோளையும் திரும்பிப் பாருங்கள். பார்வையின் ஓரத்தில் துணி வந்தால் அது உங்கள் சைஸ் இல்லை. பத்து நிமிடம் அப்படியே நில்லுங்கள், கடைக்காரர் பார்த்தால் பார்க்கட்டும்.

ஊட்டியில் தாவரவியல் பூங்கா அருகே உள்ள திபெத்தியர் கடைகளில் குளிர் உடைகள் நிறையக் கிடைக்கும், பேரமும் பேசலாம். நடக்கவும் தங்கவும் அவை நல்லவை. ஹெல்மெட்டுக்குள் போவதை மட்டும் கீழேயே வாங்கிவிட்டுப் போங்கள்.

எப்படித் துவைப்பது?

குளிர்ந்த தண்ணீர், கொஞ்சம் மென்மையான சோப்பு, நிழலில் காயவைப்பது. துணி மென்மையாக்கும் திரவம் போடாதீர்கள், ஈரத்தைக் கடத்தும் தன்மை போய்விடும். ப்ளீச் லைக்ராவைக் கொன்றுவிடும். மெரினோவைப் பிழியாமல் துண்டில் சுருட்டி அழுத்தி, விரித்துக் காயவையுங்கள்.

ரேஸ் ஓட்டுபவர்கள் போடும் வெள்ளை பாலக்ளாவா வாங்கினால் நல்லதா?

கோயம்புத்தூர் கரி மோட்டார் ஸ்பீட்வேயிலும் இருங்காட்டுக்கோட்டையிலும் கார் பந்தய ஓட்டுநர்கள் அணிவது தீப்பிடிக்காத நோமெக்ஸ் துணி. தீயிலிருந்து காப்பதற்கு. குளிருக்கு இல்லை, விலையும் அதிகம்.

கனடாவில் இருக்கும் தம்பிக்கு இங்கிருந்து வாங்கி அனுப்பலாமா?

அனுப்பாதீர்கள், அங்கேயே வாங்கட்டும். டொராண்டோவில் மைனஸ் 20 டிகிரியில் 30 கி.மீ. காற்று அடித்தால் முகத்துக்கு அது மைனஸ் 33. அங்கே மூடாத தோல் 10 முதல் 30 நிமிடத்தில் உறைந்துபோகும் அபாயம் நிஜமானது. பஸ் நிறுத்தத்தில் நிற்பதற்கே மூக்கு, கன்னம், காது எல்லாம் மூட வேண்டும். நம் கடையில் "குளிர்கால மாஸ்க்" என்று எழுதி விற்பது அந்தக் குளிரை மனதில் வைத்துத் தைத்தது இல்லை. தோல் வெளுத்து, மெழுகு போல, உணர்ச்சியில்லாமல் ஆனால் அதைத் தேய்க்கக் கூடாது, பனியைக் கொண்டு தேய்க்கவே கூடாது. உள்ளே போய் வெதுவெதுப்பான கையை வைத்து மூடி, மருத்துவரைப் பார்க்கச் சொல்லுங்கள்.

மாஸ்க்கோடு போனால் போலீஸ் நிறுத்துவார்களா?

குளிரில் பாலக்ளாவா போடுவது குற்றம் இல்லை. ஆனால் சோதனைச் சாவடியில் கேட்பதற்கு முன்பே வைசரைத் தூக்கி, மூக்குத் துணியை இறக்கிவிடுவது மரியாதை, வேலையும் சீக்கிரம் முடியும். பெட்ரோல் பங்க், நகைக்கடை, வங்கி, ஏடிஎம் எங்கும் ஹெல்மெட்டோடு இதையும் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். நடுராத்திரி மலைக்கிராமத்து வீட்டுக் கதவைத் தட்டி வழி கேட்பதாக இருந்தாலும் முதலில் கழற்றுங்கள், பிறகு தட்டுங்கள்.